காடாத் துணிக்கு வைத்த மஞ்சள்

பெரம்பலூர் டாக்டரம்மா வீட்டுக் கூடத்தில் அன்று எல்லோரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுவரில் நான் வரைந்த படம். அதற்கு முன்னால் என் மாமியார் பட்டம்மாள். இடது கையில் எவர்சில்வர் கிண்ணம், அதில் குழைத்த மஞ்சள். வலது கைக் கட்டைவிரலை மஞ்சளில் அழுத்தி எடுத்து, படத்தின் வலது கீழ் மூலைக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா ஒரு பக்கம், அவருடைய நர்ஸ் ஒரு பக்கம். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்த இரண்டு பேர் காய்ச்சலை மறந்துவிட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் ஒரு சொட்டு பளபளவென்றிருந்த மொசைக் தரையில் விழுந்தது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

"அத்தே, செத்த இருங்க" என்றேன்.

"என்னா இப்ப?"

"கை நடுங்காம வைங்க."

"அம்மியில அரைச்ச கையி இது. நடுங்குமா? நீ நவுரு மொதல்ல."

நான் நகர்ந்தேன். ஓவியக் கல்லூரியில் படித்து, பட்டம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கும் நான், என்னுடைய படத்தின் முன்னாலிருந்து ஓரமாக நகர்ந்து நின்றேன்.

'நீங்கள் வரையும் நவீன ஓவியத்தைப் பற்றி ஏன் இந்தத் தொடரில் எழுதுவதே இல்லை?' என்று கேட்டு வாசகர்கள் இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். எழுதாததற்குக் காரணம் இந்தக் கூடம்தான். நவீன ஓவியம் என்று ஆரம்பித்தால் என் கதை நேராக இங்கே வந்து நின்றுவிடும். சரி, இந்த வாரம் அதையே சொல்லிவிடுகிறேன்.

யாருக்கு ஆச்சு?

எண்பதுகளின் தொடக்கம். அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஓவிய ஆசிரியை வேலை. கணவருக்குச் சிமெண்ட் ஆலையில், பரிசோதனைக் கூடத்தில் உத்தியோகம். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஓட்டு வீடு. ரயில் வரும்போதெல்லாம் சமையலறையில் டம்ளர்கள் தாமாகவே பேசிக்கொள்ளும்.

படம் வரையக் கேன்வாஸ் வேண்டும் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். சென்னைக்குப் போகும் செலவில் இரண்டு மாத மளிகை வாங்கலாம். அதனால் கேன்வாஸுக்குப் பதிலாகக் கெட்டி வெள்ளைப் பருத்தித் துணி வாங்கக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன்.

"காடாத் துணி வேணுங்க. நல்லா அகலமா, ஆறு கெஜம்."

கடைக்காரர் முகம் மாறிவிட்டது. கல்லாவில் சுற்றிக்கொண்டிருந்த மேசை விசிறியை என் பக்கம் திருப்பினார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. யாருக்கு ஆச்சு?"

"யாருக்கும் ஆவலைங்க. படம் போடணும்."

"அவங்க படமா?"

"எவங்க படமும் இல்லைங்க. சும்மா படம்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவள் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்திருப்பார். விலையில் கொஞ்சம் குறைத்தே போட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வாசலுக்கு வந்தால் அங்கே அதைவிடப் பெரிய கச்சேரி.

மூட்டையைப் பார்த்ததும் அத்தை வாசற்படியில் கையை விரித்துவிட்டார். "தாண்டாத. அங்கயே நில்லு."

உள்ளே போய் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, துணியின் ஒரு மூலையை இழுத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். அதன் பிறகுதான் வழி விட்டார்.

"தாலி கட்டுன புள்ள, வெள்ளத்துணிய வெறுமனே வூட்டுக்குள்ள கொண்டாரலாமா? நாலு பேரு பாத்தா என்னா நெனப்பாங்க?"

எங்கள் பக்கத்தில் புதுத்துணி எதுவானாலும், பட்டுப்புடவையோ துண்டோ, ஒரு மூலையில் மஞ்சள் வைக்காமல் உடுத்துவதில்லை. வெள்ளைக் காடா மஞ்சள் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் போகும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்றுதான், சாவு. அதனால் அத்தையை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. அந்தத் துணியிலிருந்து ஒரு படத்துக்காக நான் துண்டு வெட்டினால், அந்தத் துண்டும் தனிப் புதுத்துணி. அதற்குத் தனி மஞ்சள். நான் கத்தரிக்கோலை எடுக்கும் சத்தம் கேட்டாலே கிண்ணத்தோடு வந்து நிற்பார்.

நானும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது, மஞ்சள் பட்ட மூலையைப் பின்பக்கம் மடித்து ஆணி அடித்துவிடுவேன். அவருக்கு மஞ்சள் வைத்த திருப்தி, எனக்கு வெள்ளைத் துணி. இரண்டு வருடம் வீட்டில் சண்டையே இல்லை.

சிங்கப்பூர் டப்பா

இங்கே வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரியில் எண்ணெய் வண்ணத்தில்தான் பழகினேன். அது காயப் பல நாள் ஆகும். அதைக் கரைக்கும் டர்பன்டைன் வாசனை சாம்பார் வரை ஏறும். "சோத்துல மண்ணெண்ணெய ஊத்தின மாதிரி இருக்குடா" என்று அத்தை மகனிடம் சொல்வார், எனக்குக் கேட்கும்படி.

என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் நூர்ஜகானுக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிகாடு. அவருடைய அண்ணன் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். ஒரு தடவை ஊருக்கு வரும்போது எனக்கென்று ஒரு டப்பா அக்ரிலிக் வண்ணம் கொண்டுவந்தார். டியூப் டியூபாக, மிட்டாய் அடுக்கிய மாதிரி இருந்தது.

"அண்ணன் அங்க ஒரு கடைக்காரன்கிட்ட போயி, பொம்பளைங்க பூசுற சாயம்னு கேட்டாங்களாம். அவன் உதட்டுச் சாயத்த எடுத்துக் காட்டுனானாம்" என்று நூர்ஜகான் சிரித்த சிரிப்பில் ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது.

அக்ரிலிக்கைத் தண்ணீரில் கரைக்கலாம், தண்ணீரில் கழுவலாம், வாசனையும் இல்லை. அத்தைக்குப் பிடித்துவிட்டது. ஆனால் காய்ந்துவிட்டால் எதற்கும் அசையாது. அத்தையின் பித்தளைச் சொம்பில் நான் தூரிகை கழுவிய ஒரு நீல வளையம் இருந்தது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கடைசியில் அதை அவர் தன் சொம்புக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்.

அரியலூர் வெயிலில் இந்த வண்ணம் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. தட்டில் பிழிந்து, தூரிகையை நனைத்து, துணியில் வைப்பதற்குள் ஆடை கட்டிவிடும். நான் ஈரச் சாக்குகளை ஜன்னலில் தொங்கவிட்டு, விடிந்தும் விடியாத நேரத்தில் வரைந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். விரல் நகத்தில் கறுப்பு இருக்கிறது என்று தலைமையாசிரியை திட்டியது தனிக்கதை.

நான் வரைந்தவற்றில் ஆளும் கிடையாது, மாடும் கிடையாது. நிறம் இருக்கும், கோடு இருக்கும், வெற்றிடம் இருக்கும். பால்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "டீச்சர், இது மலைங்களா, எருமைங்களா?" என்றார். தலைமையாசிரியை, "விடுகதை மாதிரி இருக்கே" என்றார். என் கணவரோ, "நல்லாருக்கு" என்பார். சமையலையும் அப்படித்தான் சொல்வார்.

அத்தை மட்டும் ஒருநாளும் இது என்ன என்று கேட்டதில்லை. "முடிஞ்சுதா?" என்றுதான் கேட்பார். ஓவியர்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. அவர் கேட்டதற்குக் காரணம் வேறு. அவருக்கு அந்த அறை வேண்டியிருந்தது.

மல்லாட்டை மூட்டைகள்

அத்தைக்கு விக்கிரமங்கலத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஆடியில் விதைத்த மல்லாட்டை கார்த்திகைவாக்கில் மூட்டை மூட்டையாக வண்டியில் வந்து இறங்கும். விலை ஏறும் வரை பின்கட்டு அறையில்தான் அடுக்குவார்கள். நான் மருமகளாக வந்து, அந்த அறையைப் படம் வரையப் பிடித்துக்கொண்டேன். மூட்டைகள் கூடத்துக்கு வந்துவிட்டன. என் கணவர் ரேடியோவில் செய்தி கேட்க மூட்டை மேல் ஏறித்தான் போக வேண்டும்.

ஒரு ஆடி மாதம் விதைப்புக்குப் போய்விட்டு வந்த அத்தை, காலைக் கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"இந்தா பாரு புள்ள, நான் ஒண்ணும் கல்லு மனசுக்காரி இல்ல. மல்லாட்டை வர்றதுக்குள்ள ஒரே ஒரு படத்த யாராச்சும் வெலைக்கு வாங்கிட்டாங்கன்னா ரூமு ஒனக்குத்தான். நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா மூட்ட உள்ள போயிரும். நீ பள்ளிக்கூடத்துலயே வரஞ்சுக்க."

"சரிங்கத்தே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அதுவரை என் படத்தை யாரும் இனாமாகக்கூட வாங்கியதில்லை. அந்த அறை போனால் பள்ளிக்கூடத்தில் எங்கே வரைவது? ஓவிய வகுப்பே அங்கே வேப்பமரத்தடியில்தான் நடந்தது. என் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், "படம் வரையறதெல்லாம் இனிமே எங்க" என்று என் காதுபடவே பேசியிருந்தார்கள். அவர்கள் பேச்சு பலித்துவிடும் என்று பயந்தேன்.

என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி ஆவணியில் திருச்சியில் ஒரு கண்காட்சி வைத்தாள். 'ஒரு படம் அனுப்பு, பெரிதாக அனுப்பு' என்று சொல்லிவிட்டாள். சிங்கப்பூர் டப்பாவில் மிச்சம் இருந்த எல்லா வண்ணத்தையும் அந்த ஒரு படத்தில் கொட்டினேன்.

காடாவை இழுத்துக் கட்டி, வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைச் சலித்துப் பசையோடு கலந்து பூசினேன். அரியலூரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? மேலே பெரிய கறுப்பு. அடியில் நீலமும் காவியும் போட்டு, அதன் மீது அடுக்கடுக்காகப் பூசிய கறுப்பு. ஈரம் காயும் முன் பேன் சீப்பால் இழுத்த கோடுகள். அதற்குக் கீழே சாம்பல். வலது கீழ் மூலையில் மட்டும் வண்ணம் எதுவும் இல்லாமல், சுண்ணாம்பு வெள்ளையை அப்படியே விட்டேன். அவ்வளவு கறுப்புக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் இல்லையா? அந்த வெள்ளையில் சின்னதாக என் கையெழுத்தைப் போட்டால் படம் முடிந்தது.

மறுநாள் காலைத் திருச்சி பஸ்ஸின் கூரையில் ஏற்ற வேண்டும். கையெழுத்தைச் சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

முதுகில் சோறு

சாயங்காலம் வந்து பார்க்கிறேன், அந்த வெள்ளை மூலையில் ரத்தச் சிவப்பில் ஒரு பொட்டு.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அத்தை அடுப்படியிலிருந்து சாவகாசமாக வந்தார்.

"ரூமு கூட்டலாம்னு போனேன். படம் செவுரு பாத்து நின்னுச்சு. பின்னாடி பாத்தா மஞ்ச இருக்கு. ரெண்டு வருசமா இப்படித்தான் மடிச்சு அடிக்கிறியா? பந்தியில ஒக்காந்தவனுக்கு முதுகுலயா சோறு வைப்பாங்க? அதான் திருப்பி நிறுத்தி முன்னாடி மஞ்ச வச்சேன். இல்லன்னா வெளியூரு போற துணி வெளங்குமா?"

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும். என் படத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்பு என்பதுதான் அவருக்குத் தெரியாது.

ஈரத்துணியால் துடைத்தேன். கட்டைவிரல் அளவு இருந்த சிவப்பு உள்ளங்கை அளவு ஆனது. மேலே வெள்ளை அக்ரிலிக்கைப் பூசினேன். வெள்ளை, ரோஜா நிறமாகிவிட்டது. இன்னொரு பூச்சுப் பூசினேன். அதற்குள்ளும் சிவப்பு ஊறி மேலே வந்தது. டியூபை வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கினேன், காற்றுதான் வந்தது. பூசியதையெல்லாம் ஈரம் காயுமுன் வழித்து எடுத்தேன். பொட்டு முதலில் இருந்ததைவிடச் செக்கச்செவேலென்று என்னைப் பார்த்தது.

அன்று நான் போட்ட கூச்சலை இங்கே எழுத முடியாது. அத்தை பாட்டுக்குச் சோறு வடிக்கப் போய்விட்டார். பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. "ராசு, ஒம் பொண்டாட்டிய சாப்புடச் சொல்லு" என்பார் அத்தை. "பசிக்கலைன்னு சொல்லுங்க" என்பேன் நான். நடுவில் உட்கார்ந்திருந்த என் கணவர் இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.

வேறு படம் இல்லை. வண்ணமும் இல்லை. கையெழுத்துப் போட இருந்த இடமும் போயிற்று. காலையில் அப்படியே பஸ் கூரையில் ஏற்றினேன்.

திருச்சியில் அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு அம்மா வெகுநேரம் நின்றார். பெரம்பலூரில் புதிதாக வீடும் ஆஸ்பத்திரியும் கட்டித் தனியாக இருக்கும் டாக்டர் என்று சிநேகிதி சொன்னாள். அவர் என்னிடம் வந்தார்.

"இதை நான் வாங்கிக்கிறேங்க. அந்த மூலைச் சிவப்புக்காகத்தான். அது மட்டும் இல்லைன்னா படம் வெறும் இருட்டு. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

நான் படத்தைப் பார்த்துக்கொண்டே, "அது வந்து... தானா அமைஞ்சதுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் நேராகவே பேசினேன். படம் விற்றுவிட்டது என்றேன்.

"எந்த ஊரு?"

"பெரம்பலூருங்கத்தே."

"ரூமு ஒனக்குத்தான். சொன்னா சொன்னதுதான்."

சிவப்பைப் பற்றி நான் சொல்லவில்லை. எனக்கும் வீம்பு என்று ஒன்று உண்டே.

காணாமல் போன சிவப்பு

கார்த்திகை. மூட்டைகள் வந்து கூடத்தில் இறங்கிய அதே வாரம், தலைமையாசிரியை அறையிலிருந்த போனுக்குப் பெரம்பலூரிலிருந்து டிரங்கால்.

"கமலா டீச்சர், உங்க படத்துல அந்தச் சிவப்பைக் காணோம்."

"காணோம்னா?"

"காணோம்னா காணோம். திருடு போன மாதிரி. நாளுக்கு நாள் வெளுத்துக்கிட்டே வந்துச்சு. நேத்துப் பாத்தா வெறும் வெள்ளை. வந்து சரி பண்ணிக் குடுங்க. முடியலைன்னா எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு அதைப் பாக்கவே சங்கடமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். படத்துக்கு எதிரே ஆள் உயர ஜன்னல், மேற்கு வெயில் முழுவதும் நேராக மூலையில். மஞ்சள் கறை வெயில் பட்டால் போய்விடும் என்பது துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். நூர்ஜகானிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்த ஒரு டியூப் சிவப்பு அக்ரிலிக்கைப் பூசிக் காட்டினேன்.

டாக்டரம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "தபால் பெட்டி மாதிரி இருக்கு."

உண்மைதான். அது ஒட்டவைத்த சிவப்பு, முன்பு இருந்ததோ ஊறிய சிவப்பு. காயும் முன் துடைத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். மாமியார், காடா, பந்தி, முதுகு எல்லாவற்றையும். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் நர்ஸ் பயந்து ஓடி வந்தார்.

"அப்ப அவங்களையே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் வந்து சொன்னபோது அத்தை முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது.

"என் மஞ்ச வெளுத்துருச்சா?"

"வெயில்லங்கத்தே."

"அது கெடக்கட்டும். முதுகுல போனது கணக்குல சேராது. ஒரு துணிக்கு ஒரு தடவதான் மஞ்ச. ஒரே பொண்ணுக்கு ரெண்டு தடவையா மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க? அதெல்லாம் ஆவாது."

என் கணவர் நியாயஸ்தர். மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர் நியாயமாகவே பேசினார். "நீ போவலைன்னா படம் திரும்பி வந்துரும்மா. வித்த கணக்குல வராது. ரூமு ஒனக்கு. இந்த மூட்டையெல்லாம் உள்ள அடுக்கிப்புடலாம்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அத்தை போகாமல் இருந்தாலே போதும், அறை அவர் கைக்கு வந்துவிடும். நான் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தை மகனைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "வாய மூடுறா. வித்த பொருளு திரும்பி வந்து வாசல்ல நின்னா அந்த வூடு உருப்படுமா? அதுவும் எங் கைபட்ட பொருளு."

ஆனாலும் விதி விதிதான். மறுநாள் காலையில் அரிசி களைந்துகொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்புள்ள, அந்த டாக்டரம்மா வூடு புதுசா கட்டுனதுதான?"

"ஆமாங்கத்தே."

"அந்த வூட்டுக்குள்ள அந்தத் துணி போவும்போது யாராச்சும் மஞ்ச வச்சாங்களா?"

"இல்லைங்கத்தே."

"அப்ப அந்த வூட்டுக்கு அது இன்னும் புதுத்துணிதான. வெறுந்துணியாவுல்ல உள்ள போயிருக்கு. பாவம், ஒண்டியா இருக்குற பொம்பள." ஈரக் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஸ்கூலுக்கு லீவு சொல்லு. அடுத்த பஸ்ஸுக்குப் போவலாம்."

கட்டைவிரல்

கல்யாணங்களுக்குக் கட்டும் அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள்தூளைப் பொட்டலம் கட்டி மடியில் செருகியிருந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "விசேஷங்களா?" என்று கேட்டதற்கு, "ஆமா, மருமவ படத்துக்கு மஞ்ச வைக்கப் போறோம்" என்றார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா வீட்டில் எல்லாம் இருந்தது, சுண்ணாம்பு மட்டும் இல்லை. வெற்றிலை போடாத வீடு. படத்தில் இருந்த பழைய சுண்ணாம்பு காரம் போய்க் கிடந்ததால் புதிதாகத் தடவ வேண்டியிருந்தது. நர்ஸ் பெட்டிக்கடைக்குப் போய் வாங்கிவந்தார். நான் மூலையில் மெல்லிசாகத் தடவினேன். ஆஸ்பத்திரி மேசை விசிறியைக் கொண்டுவந்து காய வைத்தார்கள். அத்தை கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, என்னை நகரச் சொன்னார். நான் நகர்ந்தேன். இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

அத்தை கட்டைவிரலை மூலையில் வைத்து அழுத்தி, ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தார்.

முதலில் மஞ்சள்தான். மஞ்சளாகவே இருந்தது. சுண்ணாம்பு போதவில்லையோ, காயவில்லையோ என்று பதறினேன். அப்புறம் ஓரத்திலிருந்து சிவப்பு கிளம்பியது. மெதுவாக உள்ளே பரவி, நடுவில் வந்து சேர்ந்தது. மேலே இருந்த அவ்வளவு பெரிய கறுப்பும் சட்டென்று உயிர் வந்த மாதிரி ஆயிற்று. அந்தப் படத்தை வரைந்தவள் நான். ஆனாலும் அது நல்ல படம் என்று அன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அடடடா" என்றார் காய்ச்சல்காரர்களில் ஒருவர்.

"முடிஞ்சுது" என்றார் அத்தை.

டாக்டரம்மா படத்தின் அருகே போய்க் குனிந்து மூலையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு இன்னொன்று கண்ணில் பட்டது. நிமிராமலே கேட்டார்.

"ஆமா, இதுல கையெழுத்தே இல்லையே? கையெழுத்துப் போட மாட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற அத்தை கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். கேள்வி தன்னிடம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"எனக்குக் கையெழுத்தெல்லாம் வராதுங்க. கைநாட்டுதான்."

டாக்டரம்மா நிமிர்ந்து அந்தப் பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடலாம் என்று கொண்டுபோயிருந்த சின்னத் தூரிகையைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்தப் படத்தில் என் பெயர் கிடையாது.

"வெயில்ல திரும்ப வெளுத்துச்சுன்னா சொல்லி வுடுங்க, வந்து வச்சுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அத்தை கிளம்பினார். டாக்டரம்மா ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுவதாகச் சொன்னார். போடவே இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு கார்த்திகையிலும் டிரங்கால் வந்துவிடும்.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கூடத்தில் என் கணவர் ஒரு மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார். அந்த வருடம் விளைச்சல் அதிகம், நடக்கக்கூட வழியில்லை.

"ஏம்மா, ரூமு கமலாவுக்குத்தான், சரி. ஒரு நாலு மூட்டைய மட்டும் அங்க ஓரமா வச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

அத்தை அடுப்படியிலிருந்தே கத்தினார். "அங்க அடுக்கிப்புட்டா நான் எங்கடா நின்னு மஞ்ச வைக்கிறது?"

அடுத்த படத்துக்குக் காடாவைச் சட்டத்தில் கட்டியபோது எந்த மூலையையும் பின்னால் மடிக்கவில்லை. சுண்ணாம்பு பூசியதும் வலது கீழ் மூலையை விட்டுவிட்டு, மற்ற இடத்தில் வரைய ஆரம்பித்தேன்.